குதிரைக்காரர்கள் பாடிய பள்ளத்தாக்கு

அப்பாவை அழைத்துக்கொண்டு லாஸ் ஏஞ்சலீஸில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. எங்கே போகலாம் என்றால் தெரிந்தவர்கள் எல்லோரும் டிஸ்னிலேண்ட், லாஸ் வேகாஸ் என்றார்கள். அப்பா கேட்டது ஒன்றுதான். "ராய் ராஜர்ஸோட குதிரை இங்கதான எங்கேயோ இருக்கு? அதைப் பாக்கணும்."

அப்பாவுக்கு 77 வயது. சிறுவயதில் மூர் மார்க்கெட்டில் நாலணாவுக்கு வாங்கிய பழைய ராய் ராஜர்ஸ் சித்திரக்கதைப் புத்தகங்களை இருபது வருடம் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தவர். ராய் ராஜர்ஸ் பழைய ஹாலிவுட் படங்களில் ட்ரிகர் என்ற குதிரையில் வந்து பாடிய கௌபாய் நாயகன். அப்பா அந்தப் படங்களைப் பார்த்ததைவிட அட்டைப் படங்களைப் பார்த்துத்தான் வளர்ந்தார். தம்பி ஒரு வாரம் விடுப்பு எடுத்து, கார் வாடகைக்கு எடுத்தான். ராத்திரி தங்கும் இடத்தில் உட்கார்ந்து நான் எழுதியவை இவை.

மார்ச் 11, செவ்வாய். லாஸ் ஏஞ்சலீஸ்

கிரிஃபித் பூங்காவின் ஓரத்தில் இருக்கும் ஆட்ரி அருங்காட்சியகத்தில் தொடங்கினோம். வானம் மூடிக் கிடந்தது, 15 டிகிரி. உள்முற்றத்தில் பாடும் கௌபாய் நடிகர் ஜீன் ஆட்ரி வெண்கலத்தில் உட்கார்ந்து கிட்டார் வாசிக்கிறார், பக்கத்தில் அவருடைய குதிரை சாம்பியன். 1988இல் அவர் நிறுவிய இடம் இது. தன் பெயரில் தன் படங்களை மட்டும் காட்டும் மண்டபமாக இதை அவர் ஆக்கவில்லை. பூர்வகுடிகள், மெக்சிகோக்காரர்கள், ரயில் பாதை போட்ட சீனர்கள் என்று மேற்கில் வாழ்ந்தவர்கள் எல்லோருக்கும் இடம் இருக்கிறது. கௌபாய் சினிமா அதில் ஒரு பகுதிதான்.

பாடும் கௌபாய் படங்கள் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: 1935 முதல் 1954 வரை, அமெரிக்கச் சிற்றூர்களின் கொட்டகைகளுக்காக எடுத்த மலிவான படங்கள். ஒரு மணி நேரம் ஓடும். குதிரையில் வரும் நாயகன் அநியாயக்காரனைப் பிடிப்பான், நடுநடுவே கிட்டாரை எடுத்துப் பாடுவான். பெரிய பத்திரிகைகளின் விமர்சகர்கள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. குதிரை மேல் இருப்பவன் ஏன் பாடுகிறான் என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை. பாட்டில்லாத படம் என்றால் தனியாக விளம்பரம் செய்ய வேண்டிய ஊரிலிருந்து வந்தவள் நான்.

கண்ணாடிப் பெட்டியில் ஒரு கிட்டார். 1933இல் மார்ட்டின் நிறுவனம் ஆட்ரிக்காகச் செய்து கொடுத்தது, டி-45 என்ற வகையில் முதலாவது. கழுத்தில் முத்துச்சிப்பியால் அவர் பெயர். அப்பா அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். பார்த்தது கிட்டாரை அல்ல, பக்கத்தில் நான் படித்துக் காட்டிய வாழ்க்கைக் குறிப்பைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். 1907இல் டெக்ஸாஸில் பிறந்த ஆட்ரி, ஓக்லஹோமாவில் ஃபிரிஸ்கோ ரயில் பாதையில் தந்தி அடிப்பவராக வேலை பார்த்தார். ராத்திரி வேலையில் தூக்கம் வராமல் இருக்கப் பாடுவார். அப்படி ஒரு ராத்திரி செல்ஸி என்ற ஊரில் தந்தி கொடுக்க வந்த நகைச்சுவை நடிகர் வில் ராஜர்ஸ் அதைக் கேட்டு, "நீ வானொலிக்குப் போ" என்றாராம். ஆட்ரியே பலமுறை சொன்ன கதை.

அப்பா 1968இல் விழுப்புரத்தில் ரயில்வே சிக்னலராகச் சேர்ந்தவர். மோர்ஸ் சாவியோடு ராத்திரிகளைக் கழித்தவர். "அப்போ இவரு நம்ம ஆளு" என்றார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து கைத்தடியின் பிடியில் விரலால் தட்டிக் காட்டினார்.

"அமெரிக்க ரயில்வே மோர்ஸ் வேற, நாம படிச்சது வேற ம்மா. இவரு பேரை நான் அடிச்சா ஏ, யு, டி மூணும் புரியும். ஆரும் ஒய்யும் புரியாது. அவங்களுக்கு அது வேற மாதிரி."

அறுபது வருடம் கூடவே இருந்த அறிவு, பயன்படுத்த யாருமில்லாமல் கிடந்தது. இன்று அதற்கு ஒரு இடம் கிடைத்த மாதிரி இருந்தது அவர் முகம்.

பூங்கா மரத்தடியில் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். பக்கத்து மேசையில் இருந்த மெக்சிகோக் குடும்பம் மாங்காய்த் துண்டில் மிளகாய்த்தூள் தூவித் தின்றுகொண்டிருந்தது. அப்பா பார்ப்பதைப் பார்த்து ஒரு டப்பா நீட்டினார்கள். நாங்கள் வறுத்த அப்பளம் கொடுத்தோம்.

மார்ச் 12, புதன். வடக்கே, லோன் பைன் வரை

சில்மர் அருகே நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் மலைச்சரிவில் தண்ணீர் படிக்கட்டாக இறங்குகிறது. "அதுதான் அக்கா, எங்க வீட்டுக் குழாய்ல வர்ற தண்ணி" என்றான் தம்பி. அப்பா எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். "நாம போற ஊர்லேர்ந்துதான்." அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நியூஹால் பக்கம் ஆட்ரி வாங்கி நடத்திய மெலடி ராஞ்ச் படப்பிடிப்பு ஊர் இருக்கிறது. 1962இல் காட்டுத்தீயில் பெரும்பகுதி எரிந்து, பிறகு வேறு கைக்கு மாறி, இப்போதும் படப்பிடிப்பு நடக்கிறது. நாங்கள் நிற்கவில்லை. மொஹாவியைத் தாண்டியதும் மரம் என்று சொல்ல எதுவும் இல்லை. காற்றாலைகள், அப்புறம் சிவந்த பாறைகள், அப்புறம் வெறும் வெளி.

மதியம் சாலையோர உணவகம். அவித்த பீன்ஸும் சோள ரொட்டியும் ஒரு தட்டு 14 டாலர். கௌபாய்கள் இதைத்தான் தின்றார்கள் என்று அப்பா கேட்டு வாங்கினார். "மொச்சைக் கொட்டைக் குழம்புல புளி போட மறந்துட்ட மாதிரி இருக்கு, ஆனா நல்லா இருக்கு" என்றார். பரிமாறிய அம்மாள் எழுபது வயதிருக்கும். அப்பாவின் காபிக் கோப்பை பாதி இறங்கும்போதெல்லாம் வந்து நிரப்பிவிட்டுப் போனார். நான்காவது முறை அப்பா கோப்பையைக் கையால் மூடினார். அவர் அப்பாவின் தோளில் தட்டி, கிளம்பும்போது இரண்டு துண்டு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அதற்குக் காசு போடவில்லை.

மாலை ஐந்தரைக்கு லோன் பைன். இடப்பக்கம் சியரா நெவாடா மலைத்தொடர் சுவர் போல எழுந்து நிற்கிறது. நடுவில் விட்னி சிகரம், 14,505 அடி. அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவிலேயே உயரமானது. அதன் காலடியில் சின்னச் சின்ன உருண்டைப் பாறைக் குன்றுகள், அலபாமா ஹில்ஸ். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார். "இது அட்டையில இருக்கிற மலை" என்றார். எந்த அட்டை என்று நான் கேட்கவில்லை.

பெட்ரோல் ஒரு கேலன் ஆறு டாலரை நெருங்குகிறது. விடுதி அறை 118 டாலர். ராத்திரி 3 டிகிரி. சுவரில் இருக்கும் ஹீட்டர் லாரி கிளம்புகிற மாதிரிச் சத்தம் போடுகிறது. அப்பாவுக்கு மூன்று போர்வை.

மார்ச் 13, வியாழன். அலபாமா ஹில்ஸ்

குன்றுகளுக்குள் போகும் பாதைக்குப் பெயரே மூவி ரோடு. 1920இலிருந்து இங்கே நூற்றுக்கணக்கில் படம் எடுத்திருக்கிறார்கள். 1939இல் வந்த 'கங்கா தின்' படத்துக்காக இந்தியாவின் வடமேற்கு எல்லையையே இங்கே கட்டியிருக்கிறார்கள். "நம்ம கைபர் கணவாய்க்கு ஆள் அனுப்பறதைவிட இது சல்லிசு" என்றார் அப்பா.

நாங்கள் தேடி வந்தது 'அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்', 1938. ராய் ராஜர்ஸ் நாயகனாக நடித்த முதல் படம். அதுவே ஒரு தற்செயல். ரிபப்ளிக் நிறுவனம் அந்தப் படத்தை ஆட்ரிக்காகத்தான் தயார் செய்திருந்தது. சம்பளத் தகராறில் ஆட்ரி வராமல் இருந்துவிட்டார். 'சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ்' என்ற பாட்டுக் குழுவில் பாடிக்கொண்டிருந்த, ஒஹாயோவில் பிறந்த லெனர்ட் ஸ்லை என்ற இளைஞரைப் பிடித்து, ராய் ராஜர்ஸ் என்று பெயர் வைத்து நிறுத்தினார்கள். ஆட்ரி கொஞ்ச நாளில் திரும்பி வந்தார். அதற்குள் இரண்டாவது நட்சத்திரம் உருவாகிவிட்டது. 1942இல் ஆட்ரி போருக்குப் போய் விமானப்படையில் சேர்ந்ததும், ராஜர்ஸை 'கௌபாய்களின் ராஜா' என்று விளம்பரம் செய்தார்கள்.

கதை என்ன தெரியுமா? வறட்சியில் கால்நடை சாகிறது. தண்ணீர் நிறுவனம் விலை ஏற்றுகிறது. ராய் தேர்தலில் நின்று ஜெயித்து, வாஷிங்டனுக்குப் போய், எங்கள் ஊருக்குத் தண்ணீர் கொடுங்கள் என்று வாதாடுகிறார். மண்புயலில் அழியும் ஊர்களைத் திரையிட்டுக் காட்டுகிறார். அப்போது ஒலிக்கும் பாட்டுக்குப் பெயர் 'டஸ்ட்', அதாவது தூசி. அந்தப் பாட்டு ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடம் பிடித்தது. ஒரு மணி நேர மலிவுப் படத்தின் பாட்டு. படம் வெளியான வருடம் ஓக்லஹோமாவிலும் கான்சஸிலும் உண்மையிலேயே மண் பறந்துகொண்டிருந்தது. கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்கள் பலர் அந்த மண்ணைத் தின்றவர்கள்.

இந்தப் படங்களை வெறும் சிறுபிள்ளை விளையாட்டு என்பவர்களோடு எனக்கு இங்கேதான் சண்டை. பெரிய கௌபாய் படங்கள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடக்கும். ஆட்ரி, ராஜர்ஸ் படங்களில் குதிரையோடு காரும் வானொலியும் விமானமும் வரும். வில்லன் பெரும்பாலும் வட்டிக்காரன், நிலம் பறிப்பவன், அணைக்கட்டில் ஊழல் செய்பவன். பார்க்க வந்த ஏழையின் அன்றைய கஷ்டத்தை நாயகன் தெரிந்து வைத்திருந்தான். துப்பாக்கியால் தீர்க்கிறதைவிடப் பாடித் தீர்க்கவே அவன் விரும்பினான்.

பதினொரு மணிக்கு டயர் போனது. பாதை முழுக்கத் துணி துவைக்கிற பலகை மாதிரி மேடுபள்ளம். ஒரு கூரான கல் ஏறிவிட்டது. பின்கதவைத் திறந்து பார்த்தால் மாற்றுச் சக்கரமே இல்லை. காற்றடிக்கும் சின்ன இயந்திரமும் ஒரு பசைக் குப்பியும் வைத்திருந்தார்கள். குப்பி காலி. கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அப்பாவை ஒரு பாறை நிழலில் உட்கார வைத்து, தயிர்ச் சாதத்தைக் கொடுத்துவிட்டு, தம்பி தார்ச்சாலை நோக்கி நடந்தான்.

நாற்பது நிமிடத்தில் அவன் ஒரு பழைய பிக்கப் வண்டியில் வந்து இறங்கினான். ஓட்டி வந்தவர் அறுபது வயதுப் பெண், கூட ஒரு நாய். டயரைச் சுற்றிப் பார்த்து, எச்சில் தொட்டு ஓட்டையைக் கண்டுபிடித்து, ரப்பர் திரியைத் திருப்புளி மாதிரி ஒன்றால் குத்திச் செருகி, தன் வண்டியிலிருந்தே காற்று அடித்தார். பத்து நிமிடம். தம்பி நாற்பது டாலர் நீட்டினான். தலையை ஆட்டினார். நீங்கள் யாருக்காவது டயர் மாட்டிக் கொடுங்கள் என்றார்.

எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். அப்பா, "ராய் ராஜர்ஸ்" என்றார். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். அவருடைய தாத்தா படக் கம்பெனிகளுக்குக் குதிரையும் கோவேறு கழுதையும் வாடகைக்கு விட்டவராம். ஊரில் பாதிப் பேர் கூட்டத்தில் நின்று நடித்தவர்கள். தண்ணீர் போனபிறகு இங்கே விவசாயம் நிலைக்கவில்லை, சினிமாக்காரர்கள் வைக்கோலுக்குக் கொடுத்த பணத்தில்தான் பல குடும்பம் குளிர்காலம் தாண்டியது என்றார். தண்ணீர் எப்படிப் போனது என்று கேட்டேன். கையை நீட்டித் தெற்கே காட்டினார். நாங்கள் வந்த திசை.

மார்ச் 14, வெள்ளி. லோன் பைன், காற்று

காலையில் ஜன்னலைத் திறந்தால் மலை இல்லை. தெற்கே ஓவன்ஸ் ஏரிப் பக்கமிருந்து வெள்ளையாகத் தூசி எழுந்து பள்ளத்தாக்கை மூடியிருந்தது. பல்லில் உப்பு கரித்தது. அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது, மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தேன். விடுதி வரவேற்பில் இருந்த பையன் சொல்லாமலேயே முகக்கவசம் ஒரு பெட்டி கொண்டுவந்து வைத்தான்.

தம்பி தேடித் தேடிச் சொன்னதும், ஊர் மக்கள் சொன்னதும் சேர்த்து எழுதுகிறேன். 1913இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரம் 233 மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டி ஓவன்ஸ் ஆற்றைத் திருப்பிக்கொண்டு போனது. நிலங்களையும் தண்ணீர் உரிமைகளையும் அதற்கு முன்பே சத்தமில்லாமல் வாங்கிவிட்டார்கள். 1926வாக்கில் ஓவன்ஸ் ஏரி வறண்டு, படுகை உப்புத் தூசியாகப் பறக்கத் தொடங்கியது. 2001இலிருந்து நகரமே அந்தப் படுகையில் ஆழமில்லாமல் தண்ணீர் பரப்பித் தூசியை அடக்குகிறது. அப்படியும் காற்று பலமாக அடித்தால் இப்படித்தான்.

மதியம் காற்று கொஞ்சம் தணிந்ததும் ஊருக்கு வடக்கே அலபாமா கேட்ஸ் பார்க்கப் போனோம். கால்வாயில் ஒரு மதகு, சின்னக் கட்டடம், வேலி. பார்க்க ஒன்றுமில்லை. 1924 நவம்பரில் இந்தப் பள்ளத்தாக்கின் ஆட்கள் சுமார் எழுபது பேர் வந்து மதகைப் பிடித்து, சக்கரத்தைத் திருப்பி, தண்ணீரைப் பழைய ஆற்றுப் படுகைக்கே திறந்துவிட்டார்கள். நான்கு நாள் விடவில்லை. பெண்கள் சமைத்துக் கொண்டுவந்தார்கள், குழந்தைகள் வந்தார்கள், திருவிழா மாதிரி ஆகிவிட்டது. அப்போது பேசாப்பட கௌபாய் நட்சத்திரம் டாம் மிக்ஸ் இந்தக் குன்றுகளில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கேள்விப்பட்டதும் தன் படக்குழுவின் இசைக்காரர்களை இங்கே வாசிக்க அனுப்பினார் என்று இந்த ஊர்க்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் நின்றேன். தண்ணீரைப் பறிகொடுத்த ஊர் மதகடியில் உட்கார்ந்து போராடுகிறது. கௌபாய் நடிகர் பாட்டுக்காரர்களை அனுப்புகிறார். பதினான்கு வருடம் கழித்து இதே குன்றுகளில் இன்னொரு கௌபாய் வந்து, தண்ணீர் கொடுங்கள் என்று பாடுகிறார். கதை எழுதியவர்கள் இந்த ஊரை நினைத்து எழுதினார்களா என்பது முக்கியமில்லை. படமெடுத்தபோது சுற்றி நின்று குதிரை பிடித்தவர்கள் எதை நினைத்திருப்பார்கள் என்றுதான் யோசித்தேன். காவிரிக்காக மறியலில் உட்கார்ந்த ஊர்களைப் பார்த்தவளுக்கு அதைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை.

திரும்பி வரும் வழியில் மேற்கத்தியத் திரைப்பட அருங்காட்சியகம். சேணங்கள், சுவரொட்டிகள், தைத்த உடைகள். மேற்பார்வைக்கு நின்ற தொண்டர் ஒரு முதியவர். அப்பா படுத்திருக்கிறார் என்று சொன்னதும், ராய் ராஜர்ஸ் படம் போட்ட அஞ்சலட்டை ஒன்றை எடுத்து, இது அவருக்கு என்றார். அங்கே எழுதி வைத்திருந்த ஜீன் ஆட்ரியின் கௌபாய் விதிகள் பத்தையும் தம்பி படம் பிடித்தான். தன்னைவிடச் சிறியவனை அடிக்கக் கூடாது, சொன்ன சொல் தவறக் கூடாது, குழந்தைகளிடமும் முதியவரிடமும் பிராணிகளிடமும் மென்மையாக இருக்க வேண்டும், இனம் மதம் பார்த்து வெறுக்கக் கூடாது. ராத்திரி அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "உங்கம்மா எம்.ஜி.ஆரைப் பத்திச் சொல்ற மாதிரியே இருக்கே" என்றார். அஞ்சலட்டையைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

மார்ச் 15, சனி. ஆப்பிள் வேலி

இருமல் குறைந்துவிட்டது. தெற்கே மூன்று மணி நேரம். விக்டர்வில்லையும் ஆப்பிள் வேலியும் அடுத்தடுத்த ஊர்கள். ராஜர்ஸும் அவர் மனைவி டேல் எவன்ஸும் இங்கேதான் குடியிருந்தார்கள். நெடுஞ்சாலைக்கே 'ஹேப்பி டிரெயில்ஸ்' என்று பெயர், டேல் எவன்ஸ் எழுதிய பாட்டின் பெயர்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். ட்ரிகர் குதிரையைப் பாடம் செய்து வைத்திருந்த அருங்காட்சியகம் விக்டர்வில்லில் இருப்பதாக ஒரு பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் படித்து, அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். போய் விசாரித்தால் அது 2003இலேயே மிசௌரி மாநிலத்துக்குப் போய்விட்டது. 2009இல் அங்கேயும் மூடிவிட்டார்கள். 2010இல் நியூயார்க்கில் ஏலம் விட்டபோது ட்ரிகரை 2,66,500 டாலருக்கு நெப்ராஸ்காவின் கிராமத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று வாங்கிக்கொண்டது.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். தம்பிதான் சொன்னான். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ராய் அதை 2,500 டாலருக்கு வாங்கினாரு. புத்தகத்துல போட்டிருந்தான். அவ்வளவு பணம் அவருகிட்ட அப்போ கிடையாது. தவணையில கட்டினாரு." பிறகு, "குதிரை செத்தப்போ மண்ணுல போட மனசு வரல அவருக்கு. இப்போ ஊர் ஊரா போகுது. போகட்டும்" என்றார்.

சன்செட் ஹில்ஸ் இடுகாட்டில் ராயும் டேலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர் 1998 ஜூலையில் போனார், அவர் மனைவி 2001இல். ஆட்ரியும் அதே 1998இல், அக்டோபரில். சுற்றிலும் பாலைவனம், ஜோஷுவா மரங்கள், வெயில் 24 டிகிரி. கல்லின் மேல் யாரோ ஒரு குழந்தையின் பொம்மைக் குதிரையை வைத்திருந்தார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். புல் வெட்டிக்கொண்டிருந்த பணியாள் அதைப் பார்த்து இயந்திரத்தை நிறுத்தினார். நாங்கள் நகர்ந்த பிறகுதான் மறுபடி ஓட்டினார்.

மாலையில் இன்னொரு இடம். ஊருக்கு வெளியே, மர்ரே என்ற கறுப்பினத் தம்பதியரின் பண்ணை விடுதி இருந்த நிலம். மற்ற விடுதிகள் கறுப்பர்களை உள்ளே விடாத காலத்தில் அவர்களுக்காக நடந்த விடுதி அது. குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் வந்து தங்கியிருக்கிறார். 1937இல் ஹெர்ப் ஜெஃப்ரீஸ் நடித்த 'ஹார்லெம் ஆன் தி ப்ரெய்ரி' இங்கே படமாக்கப்பட்டது. கறுப்பின நடிகர்களை மட்டும் வைத்து எடுத்த பாடும் கௌபாய் படம். ஜெஃப்ரீஸ் ஜாஸ் பாடகர். தெற்கு மாநிலங்களில் பாடப் போனபோது, கறுப்பர்களுக்குத் தனியாக ஒதுக்கிய கொட்டகைகளில் அவர்கள் வெள்ளைக் கௌபாய்களையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். நம் பிள்ளைகளுக்கும் ஒரு கௌபாய் வேண்டும் என்று கிளம்பியவர். உண்மையான மேற்கில் மாடு மேய்த்தவர்களில் கறுப்பர்கள் ஏராளம் என்பதைத் திரை மறைத்துவிட்டது. 'தி பிரான்ஸ் பக்கரூ' உட்பட இப்படி நான்கு படம் நடித்தார். 2014இல் நூறு வயதில் இறந்தார்.

விடுதியின் கட்டடம் எதுவும் இப்போது இல்லை. புதரும் மண்ணும்தான். காரை நிறுத்திவிட்டு, தம்பி கைப்பேசியில் ஜெஃப்ரீஸ் பாடிய ஒரு பாட்டைப் போட்டான். கனமான, பட்டுப் போன்ற குரல். அது முடியும்வரை மூவரும் பேசவில்லை.

மார்ச் 16, ஞாயிறு. பயனியர்டவுன்

1946இல் ராய் ராஜர்ஸும் நண்பர்களும் பணம் போட்டுக் கட்டிய ஊர். படப்பிடிப்புக்கு முன்பக்கம், குடியிருக்கப் பின்பக்கம் என்று யோசித்தார்கள். சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ் குழுவின் பெயரைத்தான் வைத்தார்கள். ஆட்ரியின் தொலைக்காட்சித் தொடர் இங்கே எடுத்தது. அந்தத் தொலைக்காட்சிதான் இந்த வகைப் படங்களுக்கு முடிவும் கட்டியது. வீட்டுக்குள் இலவசமாகக் கௌபாய் வந்த பிறகு கொட்டகைக்கு யார் போவார்கள்? 1954இல் கடைசிப் பாடும் கௌபாய் ரெக்ஸ் ஆலனோடு கொட்டகைப் படங்கள் நின்றுவிட்டன.

ஞாயிறு என்பதால் கூட்டம். புழுதித் தெருவில் இளம் ஜோடிகள் தொப்பி போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரூட் பீர் என்ற மதுவில்லாத பானம் ஒரு பாட்டில் 5 டாலர். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "மூட்டுவலித் தைலம் வாசனை" என்று என்னிடம் கொடுத்துவிட்டார்.

ஒரு கடையின் திண்ணையில் பெரியவர் ஒருவர் கிட்டார் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காசுக்கு வைத்த டப்பா எதுவும் இல்லை. என்ன பாடட்டும் என்று அப்பாவைக் கேட்டார். அப்பா யோசிக்காமல் "கூல் வாட்டர்" என்றார். சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ் குழுவின் பாப் நோலன் எழுதியது. பாலைவனத்தில் ஒருவனும் அவன் கோவேறு கழுதையும் தண்ணீர் தேடி நடக்கிறார்கள், கானல் நீர் ஏமாற்றுகிறது. அவ்வளவுதான் பாட்டு. பெரியவரின் குரல் உடைந்திருந்தது. பல்லவியில் 'தண்ணீர்' என்ற சொல் வருமிடத்தில், தெருவில் போன ஒரு பெண் நின்று இரண்டாம் குரல் கொடுத்தார். கடைக்குள்ளிருந்து இன்னொருவர் மூன்றாம் குரல். யாரும் யாருக்கும் தெரிந்தவர்கள் மாதிரித் தோன்றவில்லை. எழுதி எண்பது வருடத்துக்கு மேலான பாட்டு, மூன்று சுரத்தில், ஒரு சொல்கூடப் பிசகாமல்.

லோன் பைன் தூசியைத் தின்றுவிட்டு வந்திராவிட்டால் நான் அதை ஒரு நல்ல மெட்டு என்று மட்டும்தான் கேட்டிருப்பேன்.

மார்ச் 18, செவ்வாய். தம்பி வீடு

நேற்று முழுக்கத் துணி துவைத்தோம். காரைத் திருப்பிக் கொடுத்தபோது டயருக்கென்று 65 டாலர் பிடித்துக்கொண்டார்கள். காலிக் குப்பியைப் பற்றித் தம்பி சொன்னதைக் குறித்துக்கொள்ளவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு மடிக்கணினியில் 'அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்' போட்டோம். கீறல் விழுந்த பிரதி. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். ட்ரிகர் வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை, முன்னால் சாய்ந்தார். தூசிப் பாட்டு வந்தபோது இருமினார். பிறகு குதிரைகள் பாறைகளுக்கு நடுவே ஓடும் காட்சி.

"நிறுத்துடா" என்றார்.

தம்பி நிறுத்தினான். அப்பா எழுந்து போய்த் திரையின் இடது ஓரத்தில் ஒரு பாறையைத் தொட்டார். மேலே அகன்று கீழே குறுகி, பக்கத்தில் ஒரு பிளவு.

"இதோட நிழல்லதான் நான் தயிர்ச் சாதம் சாப்பிட்டேன்."

தம்பி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, அது இல்லை, நம்முடையது இன்னும் உயரம் என்றான். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. என் கைப்பேசியில் அன்று எடுத்த படத்தைத் தேடி எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.